யோகராஜ் அடித்த ஹார்ன்

போடி ஜீப்பு ஸ்டாண்டில் ஒருநாள் காலையில் நின்று பாருங்கள். மலைமேல் இருக்கிற ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற பெண்கள், தூக்குவாளியும் பையுமாக டீக்கடை ஓரத்தில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசிக்கொண்டிருப்பார்கள். ஹார்ன் கேட்கும். அவ்வளவுதான், பாதிச் சொல்லை வாயிலேயே விட்டுவிட்டு ஓடுவார்கள். எங்கள் ஊரில் ஜீப்பில் இடம் பிடிப்பது சொத்துத் தகராறு மாதிரி. பிடித்த இடத்தை விட்டு எழுந்தால் அது அடுத்தவருடையது. அதனால் ஏறி உட்கார்ந்தவர் யாரும் இறங்குகிற இடம் வரும்வரை எழுந்திருக்கவே மாட்டார். வேலை முடிந்து மலையிலிருந்து திரும்பும்போதும் இதே கூத்துதான்.

அந்த ஹார்னை அடிக்கிறவன்தான் யோகராஜ். இரண்டு நீளம், ஒரு குட்டை. மற்ற டிரைவர்கள் எல்லாம் தொண்டை வற்றக் கத்திக் கூப்பிடுவார்கள். இவன் கத்த மாட்டான். அவன் ஹார்ன் கேட்டால் அவன் போகிற தோட்டத்துக்கான எல்லா ஜீப்பும் கிளம்புகிறது என்று அர்த்தம்.

என் பெயர் முனீஸ்வரன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பாட்டுக் குழுவில் பேஸ் கிடார் வாசிக்கிறவனும் நானே. நான் வாசித்தால் யாருக்கும் தெரியாது, வாசிக்காவிட்டாலும் தெரியாது. அதனால்தான் சுற்றி நடக்கிறதை எல்லாம் நிம்மதியாக வேடிக்கை பார்க்க முடிந்தது.

யோகராஜுக்குச் சொந்த ஊர் சிலமலை. அவன் அப்பா ராஜாராமுக்கு அங்கே கொஞ்சம் நிலமும் ஒரு கறவை மாடும் நிறையக் கோபமும் உண்டு. மகன் டிரைவர் ஆனதில் அவருக்கு வருத்தமில்லை. ஆனால் தேனியில் கலைந்துபோன ஒரு கச்சேரிக் குழுவிடம் பழைய டிரம்ஸ் செட்டை வாங்கி, அதை ஜீப்பு மேல் கட்டிக்கொண்டு வந்து இறக்கினானே, அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் மாடு சாப்பிடவில்லை. அதற்கு அடுத்த நாள் பால் கறக்க உட்கார்ந்தவரை மாடு எட்டி உதைத்தது.

"அது இருக்கணும், இல்ல மாடு இருக்கணும். ரெண்டுல ஒண்ணச் சொல்லு," என்றார் ராஜாராம்.

யோகராஜ் கொஞ்சம் யோசித்திருக்கிறான். யோசித்தது அவருக்குப் பிடிக்கவில்லை. டிரம்ஸ் தெருவுக்கு வந்தது.

வயலில் இருக்கிற மோட்டார் ரூமில் வைத்து அடித்துப் பார்த்தான். இரண்டே நாளில் பக்கத்து நிலத்துக்காரர் வந்து நின்றார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று இவன் பயந்தான். அவரோ, "நீ அடிக்க ஆரம்பிச்சதுல இருந்து காட்டுப்பன்னி இந்தப் பக்கமே வரலப்பா. நம்ம சோளத்துக்கும் வந்து ரெண்டு நாள் அடிச்சுக் கொடு," என்றார். அன்றைக்கே டிரம்ஸை ஏற்றிக்கொண்டு என் கடைக்கு வந்துவிட்டான். முகம் செத்துப்போயிருந்தது. நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இடம் கொடுத்தவன் முபின். அவன் கிடார் வாசிப்பான், நன்றாகவே வாசிப்பான். அவன் அத்தா கமருதீன் பாய் ஏலக்காய் வியாபாரி. போடியில் ஒரு பெரிய குடோனும், போடிமெட்டைத் தாண்டிப் பூப்பாறை போகிற வழியில் ஒரு தோட்டமும் அவருக்கு இருந்தன. குடோனின் பின்பக்கத்தில் கிழிந்த சாக்குகள் கிடந்த ஒரு மூலையை முபின் ஒதுக்கிக் கொடுத்தான். குடோனில் காய் தரம் பிரிக்கிற அருணா, நாங்கள் அடித்த சத்தத்தில் தலைவலி வந்து எங்களைத் திட்டுவதற்காக எழுந்து வந்தாள். திட்டிக்கொண்டே ஒரு வரியைச் சரியான சுருதியில் பாடிக் காட்டினாள். அதோடு அவள்தான் பாடகி, பாட்டு எழுதுகிறவளும் அவள்தான். பெயர் வைத்ததும் அவளே. சுவரில் தொங்கிய, காய் சலிக்கிற ஏழரை மில்லிமீட்டர் சல்லடையைப் பார்த்து "ஏழரை" என்றாள். ஊரில் யாரும் அதற்கு விளக்கம் கேட்கவில்லை. எங்களைப் பார்த்தவர்களுக்கு அது பொருத்தமாகவே பட்டது.

கமருதீன் பாய் எதைக் கண்டாலும் உள்ளங்கையில் போட்டு உருட்டிப் பார்த்துத் தரம் சொல்கிறவர். மாப்பிள்ளை பார்க்கப் போனாலும் அப்படித்தான் பார்ப்பார் என்று முபின் சொல்வான். எங்கள் முதல் பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, "ஈரம் காயல," என்றார். போய்விட்டார்.

எங்கள் முதல் கச்சேரி ராசிங்காபுரத்தில் ஒரு காதுகுத்து. எங்களை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. மண்டபத்தில் இருந்தது ஒரே மைக். அருணா சரணத்தை எடுக்கும்போதெல்லாம் வேட்டி கட்டிய ஒருவர் மேடையேறி மைக்கைப் பிடுங்கி, "தாய்மாமன் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்," என்பார். மாமன் வந்தபாடில்லை. மூன்றாவது தடவை அருணாவே பாட்டுக்கு நடுவில் அதே ராகத்தில் மாமனைக் கூப்பிட்டாள். அதற்கு மட்டும் கைதட்டல் விழுந்தது. அடுத்த பாட்டை யோகராஜ் உயிரைக் கொடுத்து அடித்துக்கொண்டிருந்தபோது, அதே வேட்டிக்காரர் வந்து, "பந்தியில இடம் இருக்கு, சாப்பிடாதவுங்க வரலாம்," என்றார். மண்டபம் காலி. கடைசி வரிசையில் ஒரு தாத்தா மட்டும் இருந்தார். தூங்கிக்கொண்டிருந்தார்.

பந்தியில் சாப்பிட்டவர்கள் கமருதீன் பாய் கடைக்குக் காய் வாங்க வருகிறவர்கள். கதை எங்களுக்கு முன்னால் போடிக்கு வந்துவிட்டது.

"எந்திரிச்சுப் போயிட்டாகளாமே?" என்றார் பாய், மகனைப் பார்த்து.

"பந்தி போட்டுட்டாகத்தா," என்றான் முபின்.

"நல்ல சரக்கா இருந்தா பந்தியா பெருசு? நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இவன் அடிக்கிற அடியில காய் எல்லாம் வெடிக்குது."

டிரம்ஸ் சத்தத்துக்கு ஏலக்காய் வெடிக்குமா என்று எங்களுக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. ஆனால் குடோன் அவருடையது.

யோகராஜ் தலையைக் குனிந்து கை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மூலை போய்விட்டால் அவன் டிரம்ஸுக்கு வேறு போக்கிடம் இல்லை. சிலமலையில் மாடு, வயலில் பன்னி, என் கடையில் டிரம்ஸை வைத்தால் நான் வெளியே நிற்க வேண்டும். அவனுக்குக் கல்யாணம், வீடு, சொந்த வண்டி என்று ஆசை எதுவும் இருந்ததாக நான் கேட்டதில்லை. சாயங்காலம் ஜீப்பை நிறுத்திவிட்டு அந்த மூலையில் போய் உட்காருவதற்காகவே காலையில் எழுந்திருக்கிறேன் என்று ஒருமுறை என்னிடம் சொன்னான். சொல்லிவிட்டு வெட்கப்பட்டான்.

கடைசியில் பாய் ஒரு பந்தயம் வைத்தார். வருஷா வருஷம் காய் எடுப்பு முடிந்ததும் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அவர் பிரியாணி போடுவார். இந்த வருஷம் பிரியாணிக்குப் பிறகு எங்கள் கச்சேரி.

"கடைசிப் பாட்டு வரைக்கும் சனம் உக்காந்திருந்துச்சுன்னா அந்த மூலை உங்களுக்கு. நான் கேக்கவே மாட்டேன். எந்திரிச்சு ஓடுனாகன்னா, கொட்டு தட்டு எல்லாத்தையும் அன்னைக்கே அள்ளிரணும். முபின் கிடார வச்சுட்டு ஏலக்காக் கடைக்கு வந்துரணும். சரியா?"

"சரி பாய்," என்றான் யோகராஜ். வேறு என்ன சொல்வான்?

அந்தக் கச்சேரிக்கென்றே அருணா புதுப்பாட்டு ஒன்று எழுதினாள். கேட்கப்போகிறவர்கள் எல்லோரும் ஜீப்பில் போகிறவர்கள், அதனால் பாட்டும் ஜீப்பைப் பற்றியே இருக்கட்டும் என்றாள்.

"பின்சீட்டு எனக்கு, பிடிகம்பி உனக்கு,
மேட்டுல ஏறயில மூச்சு யாருக்கு?"

இப்படிப் போகும். நன்றாக வந்தது. யோகராஜுக்கு ஒரு யோசனை பிறந்தது. உடைந்த ஜீப்பு ஒன்றிலிருந்து ஹார்னைக் கழற்றி, பேட்டரியோடு டிரம்ஸ் பக்கத்தில் கட்டிவிட்டான். பல்லவி முடிகிற இடத்தில் இரண்டு நீளம், ஒரு குட்டை. குடோனில் முதல்முறை அடித்துக் காட்டியபோது எங்களுக்குப் புல்லரித்துவிட்டது. முபின் அவனைக் கட்டிக்கொண்டான். எங்களுக்கு முன்னால் உலகத்தில் யாருக்கும் இது தோன்றியிருக்காது என்று நான் வேறு பெருமையாகச் சொன்னேன்.

ஏன் தோன்றவில்லை என்று ஒருவராவது யோசித்திருக்கலாம். முபினுக்கு பைக் இருக்கிறது. அருணா வீட்டிலிருந்து குடோனுக்கு நடந்து வருகிறவள். நான் கடையை விட்டு எங்கேயும் போவதில்லை. நாங்கள் மூவரும் ஜீப்பில் இடம் பிடிக்க வாழ்க்கையில் ஓடியதே இல்லை. யோகராஜ் வருஷக்கணக்கில் ஹார்ன் அடிக்கிறவன், ஆனால் அதைக் கேட்டு ஓடியவன் இல்லை.

பிரியாணி நாளும் வந்தது. தோட்டத்துப் பாதை மோசம், காரின் வயிறு கல்லில் இடிக்கும் என்று கமருதீன் பாய் யோகராஜின் ஜீப்பிலேயே வந்தார். அவருக்கு முழங்கால் வலி. முன்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு போகலாம் என்று வந்தவர், அங்கே பாண்டியம்மாள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

பாண்டியம்மாள் பல வருஷமாக அந்த ஜீப்பில் மலையேறுகிறவள். பெண்கள் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. மலையாளிகளோடு வேலை செய்து செய்து பேச்சில் கொஞ்சம் மலையாளமும் ஒட்டிக்கொண்டிருந்தது. யோகராஜ் ஸ்டியரிங்கில் தாளம் போட ஆரம்பித்தால், "மதி அப்பு, போதும். ரோட்டப் பாத்து ஓட்டு," என்று முதலில் அதட்டுகிறவள் அவள்தான்.

"ஆத்தா, முதலாளிக்குக் கால் வலி," என்றான் யோகராஜ்.

"எனக்கு வளைவுக்கு வளைவு கொமட்டும். பின்னாடி உக்காந்தா யாரு மடியில வாந்தி எடுக்கன்னு நீயே சொல்லு. அவரு தோட்டத்துக்குத்தான் முதலாளி. ஜீப்புல முதல்ல ஏறுனவுகதான் முதலாளி."

பாய் பின்னால் ஏறினார். போடிமெட்டு வளைவுகள் முழுவதும் அவருடைய முழங்கால் என் பேஸ் கிடாரில் இடித்துக்கொண்டே வந்தது. ஒவ்வொரு இடிக்கும் என்னைத்தான் முறைத்தார்.

தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோருக்கு முன்னால் தார்ப்பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். பாய்க்கு மட்டும் முன்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஜீப்புகள் சற்றுத் தள்ளிச் சரிவில் வரிசையாக நின்றன. பிரியாணி வயிற்றில் இருந்ததால் கூட்டம் சாந்தமாக இருந்தது. முதல் பாட்டு போனது, யாரும் எழவில்லை. இரண்டாவதுக்குப் பின்வரிசைப் பெண்கள் தலையாட்டினார்கள். பாய் கூட்டத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் திரும்பும்போதெல்லாம் அருணா அவரைப் பார்த்துச் சிரித்தாள். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். பேஸ் கிடாரைக் கொஞ்சம் சத்தமாகக்கூட வைத்தேன்.

பின்சீட்டுப் பாட்டு ஆரம்பித்தது. பாண்டியம்மாள் முதல் வரிக்கே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பல்லவி முடிந்தது. யோகராஜ் கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்து, ஹார்னை அடித்தான். இரண்டு நீளம், ஒரு குட்டை.

அவன் கண்ணைத் திறந்தபோது தார்ப்பாயில் செருப்புகள்தான் இருந்தன.

ஓட்டம் என்றால் அப்படி ஒரு ஓட்டம். தூக்குவாளிகள் உருண்டன. யாரோ யாருடைய பையையோ எடுத்துக்கொண்டு ஓடினார்கள். நாங்கள் பாட்டை நிறுத்துவதற்குள் எல்லா ஜீப்பும் நிறைந்துவிட்டது. கதவோரம் இரண்டு பேர் தொங்கக்கூட ஆரம்பித்துவிட்டார்கள். ஓட்ட வேண்டிய டிரைவர்கள் மட்டும் ஸ்டோருக்குப் பின்னால் இரண்டாம் ரவுண்டு பிரியாணியில் இருந்தார்கள்.

பாய் உட்கார்ந்திருந்த நாற்காலி கவிழ்ந்து கிடந்தது.

முபின் கிடாரைக் கழற்றிக் கீழே வைத்தான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கும் அழுகை வந்தது, மறைப்பானேன். யோகராஜ் அந்த ஹார்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தன் கையாலேயே கெடுத்துக்கொண்டோமே என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது.

சரிவிலிருந்து பாண்டியம்மாள் குரல் கேட்டது. "அப்பு! வெரசா வந்து வண்டிய எடு! ஹார்ன அடிச்சுப்புட்டு அங்க என்ன சோலி?"

யோகராஜ் எழுந்தான். டிரம்ஸ் குச்சிகளைக் கையில் பிடித்தபடியே ஜீப்பை நோக்கி நடந்தான். முன்சீட்டில் கமருதீன் பாய் காலை நன்றாக நீட்டிக்கொண்டு, மேல்கம்பியை இறுக்கிப் பிடித்தபடி, வெற்றி பெற்றவர் முகத்தோடு உட்கார்ந்திருந்தார். பின்னால் பாண்டியம்மாள் கதவோரம் நசுங்கிப்போய் அவர் பிடரியை முறைத்துக்கொண்டிருந்தாள்.

யோகராஜ் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தான். சாவியைத் தொடவில்லை. அந்த ஜனத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். ஒருவர் தோளில் ஒருவர் முழங்கை, ஒருவர் மடியில் இன்னொருவர் பை. எழுந்திருக்க நினைத்தாலும் ஒருவராலும் முடியாது. அவன் முகம் மெல்ல மாறுவதை நான் பார்த்தேன். குச்சியால் டேஷ்போர்டில் ஒரு தட்டுத் தட்டினான். பிறகு இன்னொன்று. பின்சீட்டுப் பாட்டின் தாளம்.

எங்களில் முதலில் புரிந்துகொண்டவள் அருணாதான். மைக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். வயர் எட்டவில்லை. பேட்டரியில் ஓடுகிற ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் ஓடினேன், முபின் கிடாரோடு ஓடினான். ஜீப்புகளுக்கு நடுவில் நின்று சரணத்தை விட்ட இடத்திலிருந்து எடுத்தாள்.

"என்னடி இது, வண்டி கெளம்பலயா?" என்றாள் ஒருத்தி.

"கெளம்பும், கெளம்பும். பாட்டு முடியட்டும்," என்றாள் அருணா, பாட்டுக்கு நடுவிலேயே.

இறங்கினால் இடம் போய்விடும். யாரும் இறங்கவில்லை. இரண்டாவது பல்லவியில் பாண்டியம்மாள் ஜீப்பின் தகரத்தைத் தட்டினாள். கோபத்தில்தான் தட்டியிருப்பாள், ஆனால் தாளத்தில் விழுந்தது. பக்கத்து ஜீப்பிலும் தட்டினார்கள். எலும்பைக் கடித்தபடி ஓடி வந்த டிரைவர்கள் என்ன நடக்கிறதென்று புரியாமல் ஆளுக்கொரு ஹார்ன் அடித்தார்கள். மலைச்சரிவே அதிர்ந்தது. அதற்கு முன்னும் பின்னும் எங்கள் பாட்டுக்கு அப்படி ஒரு சத்தம் கிடைத்ததில்லை. மிச்சமிருந்த பாட்டுகள் எல்லாவற்றையும் அங்கேயே பாடி முடித்தோம். கடைசிப் பாட்டு வரைக்கும் ஒருவர்கூட இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

டிரம்ஸை ஜீப்பு மேல் கட்டிக்கொண்டு கீழே இறங்கினோம். முபினும் அருணாவும் நானும் பின்னால், பாண்டியம்மாளுக்கு எதிரே, எப்படியோ ஒரு மூலையில் செருகப்பட்டிருந்தோம். முதல் வளைவு தாண்டியதும் பாய் தொண்டையைச் செருமினார்.

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பந்தயம் பந்தயம்தான். எல்லாரும் எந்திரிச்சு ஓடிட்டாக. நாளைக்கு மூலையக் காலி பண்ணிருங்க."

யோகராஜ் கியரை மாற்றினான். பாண்டியம்மாள் பேசினாள்.

"முதலாளி, முதல்ல ஓடுனது யாரு?"

"எல்லாருந்தான் ஓடுனாக."

"நாங்க ஹார்னக் கேட்டு ஓடல. நாக்காலியத் தள்ளிவிட்டுட்டு நீங்க ஓடுனதப் பாத்துத்தான் ஓடுனோம். கால் வலிக்காரரு என்னா ஓட்டம்! உங்க தோட்டம், உங்க சோறு, நீங்களே முதல்ல எந்திரிச்சுப்புட்டு அந்தப் பிள்ளைகளக் கொற சொல்லுறீக. எல்லாரையும் கேட்டுப் பாப்பமா?"

பின்னால் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் ஆமாம் என்றார்கள்.

பாய் வெளியே பார்த்தார். அடுத்த வளைவு வந்தது. பாண்டியம்மாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குக் கொமட்டுது," என்றாள். "பந்தயத்துல தோத்தவுக முன்சீட்டுல இருக்கிறது ஞாயமில்ல. குடோனக் கொடுக்கிறீகளா, சீட்டக் கொடுக்கிறீகளா? வெரசாச் சொல்லுங்க. எனக்கு நேரமில்ல."

யோகராஜ் வண்டியை மெதுவாக்கினான். நிறுத்தத் தயாராக ஓரம் கட்டினான். பாய் தன் முழங்காலைப் பார்த்தார், பின்னால் நசுங்கிக் கிடந்த எங்களைப் பார்த்தார், இன்னும் எத்தனை வளைவு பாக்கி என்று பாதையைப் பார்த்தார். மேல்கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்தாதப்பா, ஓட்டு," என்றார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார். "காய் காஞ்சிருச்சு. குடோன்லயே போட்டுக்கங்க."

பின்னால் பெண்கள் கூச்சலிட்டார்கள். முபின் என் தலையிலேயே குத்தினான். அருணா பாண்டியம்மாளுக்கு முத்தம் கொடுக்கப் போய், அவளுக்கு உண்மையாகவே குமட்டுவதைப் பார்த்துப் பின்வாங்கினாள்.

ஜீப்பு இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் எப்போதும் தாளம் போட்டுக்கொண்டே இருக்கிற யோகராஜின் விரல்கள் சும்மா இருந்தன. அவனை எத்தனையோ வருஷமாகத் தெரியும், அந்த விரல்கள் அப்படிச் சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை.

பாண்டியம்மாளும் அதைக் கவனித்துவிட்டாள். "என்ன அப்பு, கை நின்னுபோச்சு?"

"ஒண்ணுமில்ல ஆத்தா," என்றான். "ரோடு கலங்கலாத் தெரியுது."

"அப்ப கண்ணத் தொடச்சுக்கிட்டு ஓட்டு," என்றாள் அவள். "குடோன் கெடச்சிருச்சு, நாங்க வீடு போய்ச் சேரணுமா இல்லையா?"